பின்காற்றுக்கு ஒரு கணக்கு

1936 ஆகஸ்ட் 2, பெர்லின் ஒலிம்பிக். 100 மீட்டர் ஓட்டத்தின் இரண்டாம் சுற்றில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் 10.2 வினாடியில் ஓடி முடித்தார். ஆறு வாரங்களுக்கு முன்பு, ஜூன் 20 அன்று, சிகாகோவில் இதே 10.2-ஐ அவரே ஓடியிருந்தார். ஒரே ஆள், ஒரே நேரம். சிகாகோ ஓட்டம் உலக சாதனைப் பட்டியலில் ஏறி, 1956 வரை யாராலும் முறியடிக்கப்படாமல் நின்றது. பெர்லின் ஓட்டத்தைத் தள்ளிவிட்டார்கள். முதுகுப்பக்கம் காற்று கூடுதலாக வீசியது என்பது காரணம். மறுநாள் இறுதிப் போட்டியில் 10.3-ல் ஓடித் தங்கம் வாங்கினார் ஓவன்ஸ். பதக்கம் கொடுக்கும்போது யாரும் காற்றைப் பார்ப்பதில்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. சேர்ந்து ஓடுகிறவர்களுக்குள் யார் முந்தினார் என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். வேறொரு நாள், வேறொரு ஊரில் ஓடியவரோடு ஒப்பிட உட்காரும்போதுதான் காற்று குறுக்கே வருகிறது.

அந்த 1936-ஆம் ஆண்டில்தான் சர்வதேசத் தடகள சம்மேளனம் ஒரு கோடு போட்டது. பின்னாலிருந்து வீசும் காற்று வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல் இருந்தால், ஓடிய நேரம் சாதனையாகாது. 2 மீட்டர் என்றால் மணிக்கு 7.2 கிலோமீட்டர். வேகமாக நடக்கிறவர் எட்டக்கூடிய வேகம்தான். மைதானத்து ஓரத்தில் நிற்பவருக்கு அது காற்றாகவே தோன்றாது. கன்னத்தில் லேசாகப் படும், வேப்பிலை சலசலக்கும், அவ்வளவே. 100 மீட்டர், 200 மீட்டர், பெண்களின் 100 மீட்டர் தடை ஓட்டம், ஆண்களின் 110 மீட்டர் தடை ஓட்டம், நீளம் தாண்டுதல், மும்முறை தாண்டுதல் ஆகியவற்றுக்கு அந்த வரம்பு இன்றும் அப்படியே இருக்கிறது.

அதற்கு முன்பு எண் கிடையாது. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் டொனால்ட் லிப்பின்காட் 10.6 வினாடியில் ஓடியதுதான் 100 மீட்டருக்குச் சம்மேளனம் ஏற்ற முதல் உலக சாதனை. அன்று எவ்வளவு காற்று வீசியது என்பதற்குப் பட்டியலில் ஒரு பத்தியே இல்லை. கொடி பறக்கிற விதத்தையும் மரம் அசைகிற விதத்தையும் பார்த்து, "காற்று சாதகமாக இருந்ததா, இல்லையா" என்று அதிகாரிகள் கண்மதிப்பாகச் சொல்லவேண்டிய காலம். நல்ல மனசுள்ளவர்கள் சொன்னாலும் அது மதிப்பீடுதான்.

இவ்வளவு மெல்லிய காற்றுக்கு ஏன் இத்தனை கெடுபிடி? காற்றின் தடை வேகத்தோடு நேராகக் கூடுவதில்லை, வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. முதல்தர ஆண் ஓட்டக்காரர் உச்ச வேகத்தில் வினாடிக்கு 12 மீட்டர் போகிறார் என்று வையுங்கள். காற்றே இல்லாத நாளிலும் அவர் மார்பில் 12 மீட்டர் வேகத்தில் காற்று மோதுகிறது. தடையின் அளவு 12 பெருக்கல் 12, அதாவது 144. பின்னாலிருந்து 2 மீட்டர் காற்று வந்தால் மோதுவது 10 மீட்டர்தான்; கணக்கு 100-க்கு இறங்கிவிடும். எதிரே 2 மீட்டர் வந்தால் மோதுவது 14. கணக்கு 196-க்கு ஏறிவிடும். பின்காற்று கொடுப்பது 44, எதிர்காற்று பிடுங்குவது 52. கொடுப்பதைவிடப் பிடுங்குவது எப்போதும் அதிகம். போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று, இரண்டும் சரிக்குச் சரி என்று 400 மீட்டர் ஓடுகிறவர்களிடம் சிலர் சொல்வதுண்டு. இந்தக் கணக்கைப் பார்த்தால் அது சரியில்லை என்று தெரியும். முழுச் சுற்று ஓடுகிறவர் காற்றுள்ள நாளில் நட்டப்பட்டுத்தான் வருவார். 400-க்கும் அதற்கு மேற்பட்ட ஓட்டங்களுக்கும் விதியில் காற்று வரம்பு வைக்காததற்கு இது போதுமான நியாயம்.

வினாடிக் கணக்கில் சொன்னால், வரம்பை ஒட்டிய 2 மீட்டர் பின்காற்று முதல்தர ஆண்களுக்கு 100 மீட்டரில் சுமார் 0.10 வினாடியை மிச்சப்படுத்தும், பெண்களுக்குச் சுமார் 0.12. கடிகாரம் மாறிய கதையை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓவன்ஸ் காலத்தில் நேரம் எடுத்தது கட்டைவிரல். துப்பாக்கிப் புகையைப் பார்த்து ஸ்டாப்வாட்சை அமுக்கி, மார்பு நூலைத் தொடும்போது மறுபடி அமுக்கினார்கள். அளவு பத்தில் ஒரு வினாடி. ஆக, விதி அனுமதித்த காற்றின் முழு உதவியும் அன்றைய கடிகாரத்தில் ஒரே ஒரு படி. 1977 முதல் மின்னணுக் கருவியில் எடுத்த, நூறில் ஒரு வினாடி வரை சொல்லும் நேரம்தான் குறுந்தூர ஓட்டங்களில் உலக சாதனையாகும் என்று ஆனது. அன்றிலிருந்து அதே காற்று பத்துப் படி பெறும். காற்று மாறவில்லை, வரம்பும் மாறவில்லை. கடிகாரம் கூர்மையானபோது காற்றின் விலை பத்து மடங்கு ஏறிவிட்டது. இந்தத் துறையில் நடந்த மாற்றங்களில் இதைத்தான் நான் பெரியதாக நினைக்கிறேன்.

1968 மெக்சிகோ நகரம். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர். காற்றே மெலிந்த காற்று. ஜிம் ஹைன்ஸ் 100 மீட்டரை 9.95-ல் முடித்தார், மின்னணுக் கடிகாரத்தில் 10 வினாடிக்குள் வந்த முதல் முறையான ஓட்டம் அது. பின்காற்று வெறும் 0.3. ஆனால் அதே ஒலிம்பிக்கில் பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டியபோது காற்றுமானி காட்டியது 2.0. விக்டர் சனேயெவ் மும்முறை தாண்டுதலில் 17.39 போனபோதும் 2.0. போலந்தின் இரீனா ஷெவின்ஸ்கா 200 மீட்டரில் உலக சாதனை படைத்தபோதும் 2.0. மூன்றும் விளிம்பிலேயே வந்து நின்றதைப் பற்றித் தடகளப் பிரியர்கள் ஐம்பது ஆண்டுகளாகப் பேசுகிறார்கள். அந்த வீரர்களைச் சந்தேகிக்க இடமில்லை. அளந்த எண் உண்மையா என்று கேட்க மட்டும் இடம் இருந்தது. இருபது ஆண்டுகள் கழித்து அந்தக் கேள்விக்கு நாள், இடம், நேரத்தோடு ஒரு சாட்சி கிடைத்தது.

1988 ஜூலை 16, இண்டியானாபொலிஸ். அமெரிக்க ஒலிம்பிக் தேர்வுப் போட்டி. பெண்கள் 100 மீட்டர் கால் இறுதியின் முதல் ஓட்டம். புளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் 10.49-ல் ஓடினார். அதுவரை உலக சாதனை எவலின் ஆஷ்ஃபர்டின் 10.76. ஒரே ஓட்டத்தில் 0.27 வினாடி குறைந்தது. 100 மீட்டரில் ஒரு தலைமுறை உழைத்துக் குறைப்பது அவ்வளவு. காற்றுமானி காட்டியது 0.0. இலை அசையவில்லை என்று பொருள்.

அன்று மைதானத்தில் வேறென்ன நடந்தது என்று பார்க்கலாம். அடுத்த கால் இறுதியிலும் மானி காட்டியது 0.0. அதற்கடுத்த மூன்றாவது கால் இறுதியில் 5.0. கிரிஃபித் ஜாய்னர் ஓடிய அதே நேரத்தில் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்த மும்முறை தாண்டுதலின் மானி 4.3 காட்டியது. அதே நாளில் ஆண்கள் 100 மீட்டர் இறுதியை கார்ல் லூயிஸ் 9.78-ல் முடித்தார், பின்காற்று 5.2. வில்லி பேங்க்ஸ் மும்முறை தாண்டுதலில் 18.20 போனார், அதுவும் 5.2 காற்றில். லூயிஸுக்கும் பேங்க்ஸுக்கும் சாதனை கிடைக்கவில்லை. அந்த மைதானத்தில், அந்த மதியத்தில், இரண்டே இரண்டு பெண்கள் ஓட்டங்களுக்கு மட்டும் காற்று ஒதுங்கி நின்றதாகப் பதிவு சொல்கிறது.

1995-இல் சர்வதேச சம்மேளனத்துக்காக இயற்பியலாளர் நிக் லின்தோர்ன் இதை ஆராய்ந்தார். ஓடியவர்களின் நேரங்களை அவர்கள் மற்ற சுற்றுகளில் ஓடிய நேரங்களோடும், மற்ற மானிகளின் பதிவுகளோடும் ஒப்பிட்டார். உண்மையான பின்காற்று 5-க்கும் 7-க்கும் இடையே இருந்திருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. தடகளப் புள்ளியியலாளர்களின் ஆண்டு ஏட்டில் 1997 முதல் அந்த 10.49-க்குப் பக்கத்தில், அது பெரும்பாலும் பலத்த பின்காற்றில் ஓடியதாக இருக்கலாம், ஆனாலும் உலக சாதனையாக ஏற்கப்பட்டது என்ற குறிப்பு வருகிறது. சம்மேளனம் அதை நீக்கவில்லை. இன்றுவரை அதுவே உலக சாதனை.

இதில் கிரிஃபித் ஜாய்னர் மீது ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். துப்பாக்கிச் சத்தத்துக்கு எழுந்து ஓடுவது மட்டுமே அவர் வேலை. கருவியைப் பார்ப்பது அவர் வேலை இல்லை. மறுநாள் இறுதிப் போட்டியில் 1.2 காற்றில், விதிக்கு உட்பட்டு, 10.61 ஓடிக் காட்டினார். அந்த நேரத்தை 33 ஆண்டுகள் எந்தப் பெண்ணும் தொடவில்லை. 2021 டோக்கியோ ஒலிம்பிக் இறுதியில் ஜமைக்காவின் எலைன் தாம்ப்ஸன் ஹெரா 0.6 எதிர்காற்றில் 10.61 ஓடினார். மூன்று வாரம் கழித்து அமெரிக்காவின் யூஜீனில் 0.9 பின்காற்றில் 10.54. இந்த இரண்டாவது ஓட்டத்தை உலக சாதனை என்று கொண்டாடியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். உலகத்தின் இரண்டாவது வேகமான நேரம் என்று மட்டும் எழுதிக்கொண்டோம். ஒரு கருவி ஒரு மதியத்தில் தவறியதற்கு, அந்த மதியத்தில் இன்னும் பிறந்தே இராத ஒரு பெண் விலை கொடுத்தாள். தாம்ப்ஸன் ஹெரா பிறந்தது 1992-இல்.

இப்போது கருவி எப்படி இருக்கிறது? அடுத்த முறை தொலைக்காட்சியில் தடகளம் பார்க்கும்போது முதல் லேனின் உள்பக்கம் கவனியுங்கள். முடிவுக் கோட்டிலிருந்து சரியாக 50 மீட்டர் தூரத்தில், தடத்திலிருந்து 2 மீட்டருக்குள், மூன்று கால் தாங்கியில், 1.22 மீட்டர் உயரத்தில் அது நிற்கும். ஏறக்குறைய ஓடுகிறவரின் மார்பளவு. முன்பு குழாய்க்குள் சின்ன விசிறி சுழலும் மானி. பக்கக்காற்று புகுந்து கணக்கைக் கெடுக்காமல் பார்க்க வேண்டும். இப்போது பெரிய போட்டிகளில் காதுக்குக் கேட்காத ஒலி அலையை அனுப்பி வாங்கி அளக்கும் கருவி. சுழலும் பாகமே கிடையாது. 100 மீட்டருக்குத் துப்பாக்கி வெடித்ததிலிருந்து 10 வினாடி அளக்கும். தடை ஓட்டங்களுக்கு 13 வினாடி. 200 மீட்டருக்கு, முதலாவதாக வருகிறவர் வளைவு முடிந்து நேர்ப்பாதைக்குள் நுழைந்ததிலிருந்து 10 வினாடி. சராசரியை எடுத்து, மிச்சம் இருந்தால் அடுத்த பத்தில் ஒரு பங்குக்கு ஏற்றி எழுதுவார்கள். 2.03 வந்தால் 2.1. சாதனை போயிற்று. ஓடி முடித்த வீரர் மூச்சு வாங்கிக்கொண்டே முதலில் நேரத்தைப் பார்க்கிறார், உடனே அதற்குப் பக்கத்து எண்ணைப் பார்க்கிறார். முகம் மலர்வதும் சுருங்குவதும் இரண்டாவது எண்ணில்தான்.

இவ்வளவு வந்தும் கருவி எல்லாவற்றையும் பார்த்துவிடுவதில்லை. அது நிற்பது ஓர் இடத்தில். எட்டாவது லேனில், தொடக்கக் கோட்டுப் பக்கம் என்ன வீசியது என்பது அதற்குத் தெரியாது. 200 மீட்டரில் பாதித் தூரம் வளைவு. அங்கே வீசிய காற்று கணக்கிலேயே இல்லை. காற்றின் திசை தோதாக அமைந்தால் வளைவில் நன்றாகத் தள்ளிவிட்டு, நேர்ப்பாதையில் பக்கக்காற்றாகி, மானியில் ஏறக்குறையப் பூஜ்யமாகப் பதிவாகவும் முடியும். நாலாபுறமும் கூரை போட்ட பெரிய அரங்குகளில் காற்று உள்ளே சுற்றுகிறது. கொடி ஒரு பக்கம் பறக்கும், மானி வேறொன்று சொல்லும். ஆகவே முன்பு கண்மதிப்பில் இருந்த பிழை இன்று முற்றிலும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பிழை சிறுத்திருக்கிறது, அதற்கு ஒரு பதிவும் இருக்கிறது. இண்டியானாபொலிஸ் விஷயத்தை ஏழு ஆண்டு கழித்தும் ஒருவரால் ஆராய முடிந்ததற்குக் காரணம் அந்தப் பதிவுகள்தான். 1912-ஐ யாரும் ஆராய முடியாது.

நடுத்தூர, நெடுந்தூர ஓட்டங்களில் மாற்றம் வேறு வழியில் போயிருக்கிறது. அங்கே மானி இல்லை, வரம்பும் இல்லை. காற்றோடு ஓட்டக்காரர் தானே சமாளிக்க வேண்டும். 1954 மே 6, ஆக்ஸ்ஃபோர்டின் இஃப்லி ரோடு மைதானம். ஒரு மைலை 4 நிமிடத்துக்குள் ஓட முடியுமா என்று உலகமே கேட்டுக்கொண்டிருந்த காலம். அன்று பகல் முழுவதும் பலத்த காற்று. அன்று முயற்சியைக் கைவிடலாம் என்றே ரோஜர் பேனிஸ்டர் நினைத்தார். பக்கத்தில் இருந்த தேவாலயக் கோபுரத்தின் மேல் பறந்த கொடியையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். மாலையில் ஓட்டம் தொடங்கவிருந்த நேரத்தில் கொடி தளர்ந்தது. ஓடிப்பார்ப்போம் என்று அப்போதுதான் முடிவானது. முதலில் கிரிஸ் பிராஷர், பிறகு கிரிஸ் சாட்டவே, இருவரும் முன்னால் ஓடிக் காற்றை வாங்கிக்கொண்டார்கள். கடைசிச் சுற்றில் பேனிஸ்டர் பாய்ந்தார். 3:59.4. அவர்களிடம் இருந்த கருவி ஒரு கொடியும் இரண்டு நண்பர்களும்தான்.

நண்பர்கள் முன்னால் ஓடியது எவ்வளவு உதவியது என்று பின்னாளில் அளந்து சொன்னவர் கிரிஃபித் பியூ. 1953-இல் எவரெஸ்டை முதன்முதலில் ஏறிய குழுவோடு போன உடலியலாளர் அவர். காற்றை ஊதும் அறைக்குள் ஓடும் பட்டையை வைத்து, அதன்மேல் ஓடவிட்டு, ஓடுகிறவர் செலவழிக்கும் ஆக்ஸிஜனை அளந்தார். 1971-இல் வந்த அவருடைய ஆய்வின்படி, இன்னொருவருக்கு ஒரு மீட்டர் பின்னால் ஓடினால் காற்றுத்தடையில் ஏறக்குறைய 80 சதவீதம் குறைந்துவிடுகிறது. பேருந்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு மிதிக்கிற சைக்கிள்காரர்களுக்கு இது படிக்காமலே தெரியும். ஆனால் அளவு தெரிந்த பிறகுதான் திட்டம் போட முடிகிறது.

திட்டம் எதுவரை போயிற்று என்பதற்கு உதாரணம் 2019 அக்டோபர் 12, வியன்னா. மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகேவை வழிநடத்த 41 ஓட்டக்காரர்கள் முறைவைத்து வந்து போனார்கள். முன்னால் ஐவர் விரித்த கை போல வரிசை அமைத்து, பின்னால் இருவர் துணை வர, அவர் நடுவில் ஓடினார். எங்கே நின்றால் காற்று குறைவு என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு அமைத்த வரிசை அது. முன்னால் போன கார் தரையில் ஒளிக்கோடு போட்டுக் காட்டியது. மாரத்தானை 1:59:40-ல் முடித்தார். இரண்டு மணி நேரத்துக்குள் மனிதக் கால் ஓடி முடித்தது அதுவே முதல் முறை. ஆட்களை மாற்றி மாற்றி இறக்கியதால் உலக சாதனையாகாது. 2011-இல் பாஸ்டன் மாரத்தானில் ஜெஃப்ரி முட்டாய் 2:03:02 ஓடியபோதும் சாதனை என்று எழுத முடியவில்லை. அந்தப் பாதை ஓரிடத்தில் தொடங்கி வெகுதூரத்தில் முடிகிறது, இறக்கமும் உண்டு. அன்று வழிநெடுகப் பின்காற்று வேறு. மாரத்தானுக்கு மானி வைக்கவில்லை என்றாலும், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நேர்த்தூரம் ஓட்டத் தூரத்தில் பாதிக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி பின்காற்றைக் கட்டுப்படுத்துகிறது. முன்பு காற்று நிற்கட்டும் என்று காத்திருந்தார்கள். இப்போது ஆட்களையே சுவராக்கிக் காற்றை நிறுத்துகிறார்கள். வியன்னாவைப் பார்த்து வியக்கிறேன். மனசு மட்டும் ஆக்ஸ்ஃபோர்டுப் பக்கம்தான் சாய்கிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். 2022 ஏப்ரல், கேரளத்தில் கோழிக்கோடு பல்கலைக்கழக மைதானத்தில் ஃபெடரேஷன் கோப்பை. விசாகப்பட்டினத்துப் பெண் ஜோதி யாராஜி 100 மீட்டர் தடை ஓட்டத்தை 13.09-ல் முடித்தார். அப்போதைய தேசிய சாதனை அனுராதா பிஸ்வால் 2002-இல் ஓடிய 13.38. இருபது ஆண்டுச் சாதனை தூள் தூளானது. காற்றுமானி சொன்னது 2.1. வரம்பைத் தாண்டியது வினாடிக்கு பத்து சென்டிமீட்டர். சாதனை கிடையாது. 2020-இலும் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான போட்டியில் 13.03 ஓடி, ஊக்கமருந்துச் சோதனை போன்ற நடைமுறைகள் முடியாததால் கணக்கில் வராமல் போனவர் அவர். இரண்டாம் முறை கைநழுவினால் யாருக்கும் மனம் உடையும். அடுத்த மாதமே சைப்ரஸில், லேசான எதிர்காற்றில், 13.23 ஓடி முறைப்படி சாதனையை எடுத்துக்கொண்டார். அந்த ஆண்டு அக்டோபரில் காந்திநகர் தேசிய விளையாட்டில் 12.79, காற்று 2.5, மறுபடியும் இல்லை. சில நாள் கழித்து பெங்களூரில் 12.82, காற்று வரம்புக்குள். 13 வினாடிக்குள் முறையாக ஓடிய முதல் இந்தியப் பெண் ஆனார். காற்று தட்டிப் பறித்த ஒவ்வொன்றையும் காற்றில்லாமல் திரும்ப வாங்கியவர் என்று அவரைச் சொல்லலாம்.

அதே கோழிக்கோடு போட்டியில் நீளம் தாண்டுதலில் நம் தூத்துக்குடி மாவட்டத்து ஜெஸ்வின் ஆல்ட்ரின் 8.37 மீட்டர் தாண்டினார். காற்று 4.1. கேரளத்தின் ஸ்ரீசங்கர் 8.36 தாண்டினார். காற்று 1.5. தங்கம் ஜெஸ்வினுக்கு, தேசிய சாதனை ஸ்ரீசங்கருக்கு. ஒரு சென்டிமீட்டர் முந்தியவர் பதக்கம் வாங்க, பிந்தியவர் பெயர் ஏட்டில் ஏறியது. விதி தெரியாதவர்களுக்கு விநோதமாகப் படும். எனக்கு இது முழு நியாயமாகப் படுகிறது. அடுத்த ஆண்டு பெல்லாரியில் 8.42 தாண்டி ஜெஸ்வினும் அந்தச் சாதனையை எடுத்துக்கொண்டார்.

தடை ஓட்டத்தில் இன்னொரு சங்கதி. பின்காற்று எப்போதும் வரம் இல்லை. பெண்களுக்கு இரண்டு தடைகளுக்கு நடுவே 8.5 மீட்டர், அதை மூன்றே எட்டில் கடக்க வேண்டும். காற்று தள்ளினால் எட்டு நீண்டு, தடைக்கு மிக நெருக்கத்தில் வந்து நிற்பார்கள். தாண்டும்போது கால் தட்டும், தாளம் கெடும். காற்று வீசும் நாளில் எட்டைச் சுருக்கி வைக்கக் கற்றுக்கொடுப்பது பயிற்சியாளர்களின் தனி வேலை. வெறும் நேரத்தைப் பார்க்கிறவருக்கு இந்தத் திறமை தெரிவதேயில்லை.

கடைசியாக நம் பள்ளி மைதானங்கள். குறுவட்டப் போட்டிகள் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் நடக்கின்றன. ஆடிக் காற்றின் காலம். உடுமலை, பல்லடம் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து வரும் காற்றையும், ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் காற்றையும் அனுபவித்தவர்களுக்கு 2 மீட்டர் என்ற வரம்பு சிரிப்பை வரவழைக்கும். சிந்தடிக் டிராக்குகளை வெயில் கண்ணில் படாதபடி பெரும்பாலும் வடக்கு தெற்காகப் போடுவார்கள். பள்ளி மைதானம் நிலம் எப்படிக் கிடைத்ததோ அப்படி இருக்கும். கிழக்கு நோக்கிச் சுண்ணாம்புப் பொடியில் 100 மீட்டர் கோடு போட்டால் பிள்ளைகள் பறந்து வருவார்கள். மேற்கு நோக்கிப் போட்டால் தள்ளாடி வருவார்கள். 4 மீட்டர் பின்காற்றுக்கும் 4 மீட்டர் எதிர்காற்றுக்கும் நடுவே முதல்தர வீரருக்கே சுமார் 0.4 வினாடி வித்தியாசம் வரும். பதின்மூன்று வினாடி ஓடுகிற பிள்ளை அந்தக் காற்றில் இன்னும் நீண்ட நேரம் நிற்கிறாள். வித்தியாசம் அதிகமே தவிரக் குறையாது.

முன்பு பி.டி. மாஸ்டர் ஸ்டாப்வாட்சில் பார்த்து நோட்டில் எழுதிய நேரம் அந்த நோட்டோடு நின்றுபோனது. இன்று அப்படியில்லை. ஒரு பிள்ளையின் டைமிங் வாட்ஸ்அப்பில் மாவட்டம் கடந்து போகிறது. அதை வைத்தே அவளைப் பயிற்சிக்குக் கூப்பிடுகிறார்கள், அல்லது கூப்பிடாமல் விடுகிறார்கள். எதிர்காற்றில் 13.4 ஓடியவள் வீட்டில் இருக்க, பின்காற்றில் 13.1 ஓடியவள் தேர்வாவது இருவருக்குமே நல்லதில்லை. தேர்வானவள் அடுத்த முறை காற்றில்லாத தடத்தில் ஓடி, தான் மெதுவாகிவிட்டதாக நினைத்து ஒடிந்துபோவாள்.

மாவட்டப் போட்டி நடத்துகிறவர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். முறையான காற்றுமானி வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் கையடக்கக் கருவி ஒன்றை 50 மீட்டர் கோட்டில் ஒருவர் பிடித்து நிற்கட்டும். சாதனைக்கு அது செல்லாது, பிள்ளையின் நோட்டுக்குச் செல்லும். அதுவும் இல்லையென்றால் ஒரு குச்சியில் ரிப்பன் கட்டி நட்டுவைத்து, பின்காற்றா, எதிர்காற்றா, பலமா, லேசா என்று நேரத்துக்குப் பக்கத்தில் எழுதுங்கள். காற்று பலமாக இருந்தால் ஓடும் திசையைத் திருப்பிப் போடுவதற்குச் சுண்ணாம்புப் பொடியைத் தவிர வேறு செலவு இல்லை.